வைஃபை வந்துவிட்டது, புளூடூத் எங்கே?

மேசைக்கணினி அசெம்பிள் செய்து தரும் கடைக்காரர்களுக்கும் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தோழர்களே,

சென்னை ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெருச் சந்துகளிலும், கோவை, மதுரை, திருச்சி, நெல்லைக் கடைவீதிகளிலும் கணினி அசெம்பிள் செய்து தருபவர்கள் நீங்கள். வீடுகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ மேசைக்கணினிகள் உங்கள் கையால் ஸ்க்ரூ முடுக்கப்பட்டவை. பெரிய கம்பெனியின் கணினியை வாங்க வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கும் ஒரு சிஸ்டம் கிடைத்தது என்றால், அதில் உங்கள் தொழிலுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த நன்றியோடுதான் இந்த மடல் தொடங்குகிறது. கூடவே ஒரு குறையையும் சொல்ல வந்திருக்கிறது.

அந்தப் பெட்டிகளில் பலவற்றுக்கு வைஃபை கிடையாது. லேன் கேபிள் இருந்தால் போதும் என்றிருந்த காலத்தில் பூட்டியவை அவை. இன்று ஃபைபர் ரவுட்டர் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கணினியோ உள்ளறையில் இருக்கிறது. பிள்ளை காதில் மாட்டியிருப்பது புளூடூத் ஹெட்செட். ஆகவே வாடிக்கையாளர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வருகிறார். "அண்ணே, வைஃபை, புளூடூத் ரெண்டும் வர்ற மாதிரி ஒரு கார்டு போட்டுக் குடுங்க" என்கிறார். சற்று நேரத்தில் கார்டு ஏறிவிடுகிறது, கடை வைஃபையில் யூடியூப் ஓடுகிறது, காசு கைமாறுகிறது.

மறுநாள் போன் வருகிறது. "வைஃபை நல்லா வருதுண்ணே. புளூடூத்தைத்தான் காணோம்."

இதற்குக் கடைகளில் சொல்லப்படும் பதில்கள் பலவிதம். கார்டு டூப்ளிகேட்டாக இருக்கும் என்பார் ஒருவர். விண்டோஸை ஃபார்மேட் செய்ய வேண்டும் என்பார் இன்னொருவர். புளூடூத்துக்குத் தனியாக ஒரு டாங்கிள் வாங்கிக்கொள்ளுங்கள் என்பார் மற்றொருவர். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும். கார்டிலிருந்து மதர்போர்டுக்குப் போக வேண்டிய மெல்லிய யூஎஸ்பி கேபிள் செருகப்படவே இல்லை. கார்டு வந்த அட்டைப்பெட்டியோடு சேர்ந்து அது குப்பைக்குப் போயிருக்கும்.

வைஃபையும் புளூடூத்தும் ஒரே கார்டில் இருப்பதால் ஒன்று வந்தால் மற்றதும் தானாக வரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தக் கார்டில் நடப்பது ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம், வாசல் தனித்தனி. பெரும்பாலான பிசிஐ எக்ஸ்பிரஸ் வைஃபை கார்டுகளின் மேலிருக்கும் ஹீட் சிங்க்கைக் கழற்றினால் உள்ளே 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு சின்ன எம்.2 கார்டு படுத்திருக்கும். லேப்டாப்புக்குள் இருக்கும் அதே கார்டுதான். அதில் வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகப் பேசுகிறது. புளூடூத் யூஎஸ்பி வழியாகப் பேசுகிறது. லேப்டாப்பில் அந்தக் கார்டு உட்காரும் சாக்கெட்டுக்கே இரண்டு இணைப்பும் வந்து சேர்ந்துவிடும். மேசைக்கணினியின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் யூஎஸ்பி இணைப்பு கிடையாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் கார்டு கம்பெனிக்காரர் பெட்டிக்குள் தனியாக ஒரு கேபிள் வைத்து அனுப்புகிறார். அதைச் செருகாவிட்டால் விண்டோஸுக்கு அப்படியொரு புளூடூத் இருப்பதே தெரியாது. எத்தனை முறை டிரைவர் போட்டாலும், ஃபார்மேட் செய்தாலும் தெரியாது.

கேபிள் போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சற்று உற்றுப் பார்ப்போம். மதர்போர்டின் கீழ் ஓரத்தில் இரண்டு வரிசையாக ஒன்பது பின்கள் நிற்கும். வரிசைக்கு ஐந்து என்று பத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூலையில் மட்டும் பின் இருக்காது. தலைகீழாகச் செருகிவிடாமல் இருக்க வைத்த அடையாளம் அது. ஜிகாபைட் போர்டில் பக்கத்தில் 'எஃப்_யூஎஸ்பி' என்றும், எம்எஸ்ஐ போர்டில் 'ஜேயூஎஸ்பி' என்றும் அச்சடித்திருக்கும். ஒவ்வொரு வரிசையும் தனித்தனி யூஎஸ்பி போர்ட்டுக்கானது. முதல் பின்னில் 5 வோல்ட், அடுத்த இரண்டிலும் டேட்டா, நான்காவதில் கிரவுண்ட். கேபிளில் அவற்றுக்குரிய நிறங்கள் சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு. ஒன்பது துளை கொண்ட பிளக் வந்தால் தப்பாகச் செருக வழியே இல்லை. ஒற்றை வரிசைப் பிளக் வந்தால் மட்டும் சிவப்புக் கம்பி 5 வோல்ட் பின்னில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள். திருப்பிச் செருகினால் கார்டு போகும். அந்த நஷ்டம் வாடிக்கையாளர் தலையில் விழும்.

சில போர்டுகளில் இந்த ஒன்பது பின் இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதையும் கேபினெட்டின் முன்பக்க யூஎஸ்பி கேபிள் பிடித்துக்கொண்டிருக்கும். கேபிளைக் குப்பைக்கு அனுப்பும் சபலம் இங்கேதான் வருகிறது. இதற்கும் வழி உண்டு. போர்டில் 19 பின் கொண்ட யூஎஸ்பி 3.0 இடம் காலியாக இருந்தால், அதிலிருந்து ஒன்பது பின்னுக்கு மாற்றித் தரும் சிறு கேபிள் கிடைக்கிறது. அதுவும் இல்லையென்றால் உள்ளேயே பொருத்தும் யூஎஸ்பி ஹப் உண்டு. வெறுமனே கம்பியை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே டேட்டா கம்பியில் இரண்டு சாதனங்கள் தொங்கினால் இரண்டுமே குழம்பும். எந்த வழியும் இல்லை என்றால் முன்பக்க போர்ட்களை விட்டுக்கொடுக்கச் சம்மதமா என்று வாடிக்கையாளரிடமே கேட்டுவிடலாம். விவரம் சொன்னால் அவரே முடிவெடுப்பார்.

அடுத்த குறை ஆன்டெனாவில். கேபினெட் என்பது இரும்புப் பெட்டி. ரேடியோ அலைக்கு அது சுவர். அதனால்தான் ஆன்டெனாவை வெளியே கொண்டுவருகிறோம். பாக்கெட்டைப் பிரிக்காமலே ஆன்டெனாவை வாடிக்கையாளர் கையில் கொடுத்து அனுப்புகிற கடைகள் உண்டு. கடையில் ரவுட்டர் தலைக்கு மேல் இருப்பதால் ஆன்டெனா இல்லாமலே சிக்னல் வந்துவிடும். வீட்டில் இரண்டு சுவர் தாண்டியதும் செத்துவிடும். இரண்டு ஆன்டெனாக்களில் ஒன்றை மட்டும் மாட்டினாலும் சிக்கல்தான். பல கார்டுகளில் புளூடூத்துக்கென்று தனி ஆன்டெனா கிடையாது. வைஃபையின் இரண்டில் ஒன்றை அது பகிர்ந்துகொள்கிறது. அந்த ஒன்று மாட்டப்படாமல் போனால், வைஃபை தட்டுத்தடுமாறி ஓடும், புளூடூத் மவுஸ் மேசையிலேயே நடுங்கும்.

போர்டில் உள்ள எம்.2 சாக்கெட்டில் நேரடியாகக் கார்டைப் பொருத்துபவர்களுக்குக் கூடுதலாக ஒரு நுணுக்கம். கார்டின் மேல் இருக்கும் இரண்டு தங்க நிறப் பொட்டுகள் அரிசி மணியின் அகலம்கூட இருக்காது. ஆன்டெனா கம்பியின் நுனியைப் பொட்டுக்கு நேர்மேலே வைத்து, நகத்தால் நேராகக் கீழே அழுத்த வேண்டும். மெல்லிய 'டிக்' சத்தம் கேட்கும். சாய்த்து அழுத்தினால் விளிம்பு நசுங்கிவிடும். நசுங்கியது பிறகு பிடிக்காது. அடிக்கடி கழற்றி மாட்டுவதற்காகச் செய்யப்பட்ட இணைப்பு அல்ல இது. ஒரே தடவையில் சரியாக மாட்டிவிடுவதுதான் கார்டின் ஆயுளுக்கு நல்லது.

பின்பக்கம் செருகியிருக்கும் பென் டிரைவும் ஹார்டு டிஸ்க்கும் சிக்னலைக் கெடுக்கும் கணக்கில் சேரும். யூஎஸ்பி 3.0 சாதனங்கள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்புகின்றன என்பதை இன்டெல் நிறுவனமே 2012-ல் ஓர் ஆய்வறிக்கையில் விளக்கியது. புளூடூத் முழுவதும் ஓடுவது அந்த அலைவரிசையில்தான்; வைஃபையின் பழைய பகுதியும் அங்கேதான். ஃபைல் காப்பி ஆகும்போது மட்டும் ஹெட்செட்டில் பாட்டு விட்டுவிட்டு வருகிறது என்று ஒருவர் சொன்னால், அவர் ஹெட்செட்டைக் குறை சொல்லாதீர்கள். ஹார்டு டிஸ்க்கை முன்பக்க போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது கேபிளோடு வரும் காந்த அடி வைத்த ஆன்டெனாவை மேசை மேல் தள்ளி வையுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

இனி கார்டைத் தேர்ந்தெடுக்கும் இடம். பணம் வீணாவது இங்கேதான் அதிகம்.

இன்டெல் கார்டுகளில் ஏஎக்ஸ்200 என்றும் ஏஎக்ஸ்201 என்றும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒரே சாக்கெட்டில் உட்காரும். ஏஎக்ஸ்200 தானே முழுமையான கார்டு. இன்டெல், ஏஎம்டி எந்தப் போர்டிலும் ஓடும். ஏஎக்ஸ்201 பாதிக் கார்டு. மீதிப் பாதி இன்டெல் புராசசரோடு வரும் சிப்செட்டுக்குள் இருக்கிறது. சிஎன்விஐ என்று இன்டெல் பெயர் வைத்த ஏற்பாடு அது. ஏஎக்ஸ்201-ஐ ஏஎம்டி போர்டில் மாட்டினாலோ, பிசிஐ எக்ஸ்பிரஸ் அடாப்டரில் வைத்து மாட்டினாலோ, ஏழாம் தலைமுறை வரையிலான இன்டெல் மேசைக்கணினிகளில் மாட்டினாலோ கணினி அதைக் கண்டுகொள்ளாது. ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 ஜோடிக்கும் இதே கதை. கடைசி எண் பூஜ்யமா ஒன்றா என்ற ஒரே வித்தியாசத்தில் வாடிக்கையாளரின் காசு நிற்கிறது. கழற்றிய லேப்டாப் கார்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று மொத்தமாக வாங்கும்போது அந்த ஓர் எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள். வைஃபை 7 தலைமுறையின் பிஇ200 கார்டு பூஜ்யத்தில் முடிந்தாலும் பல ஏஎம்டி போர்டுகளில் இயங்குவதில்லை. அதைக் கேட்டு வருபவரிடம் முதலில் அவர் போர்டு எது என்று கேளுங்கள்.

போர்டைத் திறந்ததும் எம்.2 'இ' கீ சாக்கெட் காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எஸ்எஸ்டி செருகும் சாக்கெட் 'எம்' கீ. வைஃபை கார்டு அதில் உட்காராது. 'இ' கீ சாக்கெட்டில் யூஎஸ்பியும் பொதுவாகச் சேர்ந்தே வருவதால் தனிக் கேபிள் தேவைப்படாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டும் மிச்சம். அப்படியொரு சாக்கெட் இருந்தும் பெரிய கார்டு விற்பது வாடிக்கையாளருக்குத் தேவையில்லாத செலவு.

அலுவலகங்களிலிருந்து கழித்து வரும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்ற ஒல்லிப் பெட்டிகள் இப்போது நிறைய விற்பனையாகின்றன. நல்ல இயந்திரங்கள், மாணவர்களுக்கு ஏற்ற விலை. ஆனால் அவற்றில் முழு உயரக் கார்டு நுழையாது. உயரம் குறைந்த பிராக்கெட்டைக் கார்டு பெட்டியிலேயே கூடுதலாக வைத்திருப்பார்கள். இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மாற்ற வேண்டியதுதான். அந்தப் பிராக்கெட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, கார்டைப் பிராக்கெட் இல்லாமல் ஸ்லாட்டில் தொங்கவிடும் வழக்கத்தை நிறுத்துங்கள். ஆன்டெனாவைத் திருகும்போதெல்லாம் கார்டு ஆடி, ஸ்லாட்டின் தொடர்பு கெடும். இத்தகைய பெட்டிகளில் சிலவற்றில் உள்ளே ஒன்பது பின் யூஎஸ்பி இடமே இருக்காது. அதை விற்பதற்கு முன்பே பார்த்துச் சொல்லிவிட்டால் மனத்தாங்கல் இல்லை.

அட்டைப்பெட்டி மேல் பெரிய எழுத்தில் இருக்கும் 'ஏஎக்ஸ்3000' என்ற எண்ணைப் பற்றியும் வாடிக்கையாளருக்கு உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு அதிகபட்சம் 2402 மெகாபிட், 2.4 கிகாஹெர்ட்ஸில் 574. இரண்டையும் கூட்டி, முழு எண்ணாக்கி 3000 என்று எழுதுகிறார்கள். இந்தக் கார்டு ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில்தான் இணையும். அந்த 2402-ம் ரவுட்டர் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடினால்தான் வரும். வீட்டு ரவுட்டர் பலவும் 80 மெகாஹெர்ட்ஸில் நிற்கும், அங்கே கணக்கு 1201. வீட்டு இணைப்பே நொடிக்கு 100 மெகாபிட் என்றால் எந்த வைஃபை 6 கார்டும் அதற்குத் தாராளம். எச்61, எச்81 காலத்துப் பழைய போர்டில் இந்தக் கார்டு ஓடுமா என்று தயங்குபவரிடமும் தைரியமாகச் சொல்லலாம். அவற்றின் சின்ன எக்ஸ்1 ஸ்லாட்டே பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 வேகத்தில் நொடிக்கு 500 மெகாபைட் கடத்தும். எக்ஸ்1 ஸ்லாட்டைக் கிராபிக்ஸ் கார்டு மறைத்துவிட்டால் காலியாக இருக்கும் எக்ஸ்4, எக்ஸ்16 ஸ்லாட்டிலும் இந்தக் கார்டைச் செருகலாம்.

6 கிகாஹெர்ட்ஸ் வரும் வைஃபை 6இ கார்டைக் கூடுதல் விலைக்குப் பரிந்துரைக்கும்போது இன்னும் கவனம் தேவை. விண்டோஸ் 10-ல் அந்த அலைவரிசை வராது; விண்டோஸ் 11 வேண்டும். வீட்டு ரவுட்டரிலும் அது இருக்க வேண்டும். இந்தியாவில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்ற வரைவு விதிகளைத் தொலைத்தொடர்புத் துறை வெளியிட்டதே 2025 மே மாதத்தில்தான். வாடிக்கையாளர் வீட்டு ரவுட்டர் எது என்று கேட்காமல் அந்தக் கார்டை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

டிரைவர் விஷயத்தில் தொல்லை வேறு மாதிரி. கார்டோடு ஒரு சிடி வரும்; இன்றைய கேபினெட்டில் சிடி டிரைவே கிடையாது. இணையத்தில் இறக்கலாம் என்றால் இணையம் வரத்தான் அந்த டிரைவர் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, டெதரிங் போட்டுவிட்டால் விண்டோஸ் அதை நெட்வொர்க்காகவே எடுத்துக்கொள்ளும். வைஃபைக்கும் புளூடூத்துக்கும் டிரைவர் தனித்தனி என்பதால் இரண்டையும் போடுங்கள். ஏற்கனவே பழைய புளூடூத் டாங்கிள் ஒன்று செருகியிருந்தால் அதை உருவிவிடுங்கள். விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு புளூடூத்தைத்தான் ஏற்கும். எல்லாம் சரியாக இருந்தும் புளூடூத் திடீரென்று காணாமல் போனால், கணினியை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, பிறகு இயக்கிப் பாருங்கள். பெட்டியை அணைத்தாலும் யூஎஸ்பி இணைப்பில் மின்சாரம் இருந்துகொண்டே இருப்பதால் சிப் மாட்டிக்கொண்ட நிலையிலேயே கிடக்கும். மின்சாரம் முழுவதும் வடிந்தால்தான் அது புதிதாக எழும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், பழைய கணினியை லினக்ஸுக்கு மாற்றுவோரும் உங்களிடம் வருவார்கள். ஏஎக்ஸ்200-க்கு 5.1, ஏஎக்ஸ்210-க்கு 5.10 அல்லது அதற்குப் பிந்தைய லினக்ஸ் கெர்னல் இருந்தால் தனி டிரைவர் தேடி அலைய வேண்டியதில்லை. ரியல்டெக், மீடியாடெக் கார்டுகளிலும் நல்லவை உண்டு. ஆனால் எந்த சிப் என்று தெரிந்த பிறகு கொடுங்கள். பெட்டி மேல் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்து சிப் பெயர் இல்லாத கார்டில்தான் டிரைவர் தேடி அலையும் சிக்கல் அதிகம். வயர்லெஸ் கருவிகளுக்கு இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் ஒப்புதல் தேவை என்பதையும் சரக்கு எடுக்கும்போது மனத்தில் வையுங்கள்.

கார்டே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நேரமும் வரும். ரவுட்டர் கணினிக்குப் பக்கத்திலேயே இருந்தால் ஒரு லேன் கேபிள் எந்தக் கார்டையும்விட நிலையாக ஓடும். புளூடூத் கீபோர்டு மட்டும் இணைக்க வேண்டும் என்றால் சிறிய யூஎஸ்பி டாங்கிளே போதும். இதைச் சொல்வதால் அன்றைக்கு ஒரு விற்பனை குறையலாம். அதே ஆள் அடுத்த மாதம் தன் தெருவிலிருந்து இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார் என்பது உங்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. கார்டை எடுத்து வைப்பதற்கு முன் கேபினெட்டைத் திறந்து, ஸ்லாட்டும் ஒன்பது பின் இடமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எஸ்எம்பிஎஸ் ஸ்விட்சை அணைத்து, கேபிளைப் பிடுங்கி, கேபினெட் இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டுக் கை வையுங்கள். யூஎஸ்பி கேபிள், இரண்டு ஆன்டெனா, இரண்டு டிரைவர் என்று முழுதாக முடியுங்கள். வாடிக்கையாளரின் போனையோ ஹெட்செட்டையோ வாங்கி, அவர் கண் முன்னால் புளூடூத்தில் இணைத்துக் காட்டுங்கள். ஆன்டெனாவோடு வைஃபையையும் காட்டுங்கள். பில்லில் 'வைஃபை கார்டு' என்று மட்டும் எழுதாமல் சிப் பெயரையும் எழுதுங்கள். மீதமான பிராக்கெட்டையும் ஸ்க்ரூவையும் அட்டைப்பெட்டியில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அவை அவருடைய பணத்தில் வந்தவை.

இன்னும் ஒன்று. "புளூடூத் வரலை" என்று போன் செய்துவிட்டுப் பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்ட வாடிக்கையாளர்கள் உங்கள் பழைய பில் புத்தகத்தில் இருப்பார்கள். தனியாக டாங்கிள் வாங்கிச் செருகிக்கொண்டு, அதற்காக ஒரு போர்ட்டை இழந்தவர்களும் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் போகும்போது பெட்டியைத் திறந்து அந்தக் கேபிளைச் செருகிக் கொடுங்கள். கடையில் மிச்சம் கிடக்கும் ஒன்பது பின் கேபிள்களே அதற்குப் போதும்.

அன்புடன்,
உங்கள் கடைகளை நம்பிப் பெட்டியைத் தூக்கி வரும் வாடிக்கையாளர்கள் சார்பில்